போணிக்குப் படுத்தவன்

தினமும் காலை ஏழரை மணிக்கு, நோயாளிகளை உள்ளே விடுவதற்கு முன்னால், ஆசீர் தன் பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் எடுத்து வெளி மேசையில் வைத்துவிட்டு இயந்திரத்துக்குள் போய்ப் படுப்பான். பதினொரு நிமிடம். அசையக் கூடாது. இயந்திரம் முதலில் முனகும், பிறகு தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும், பிறகு ஓய்ந்துவிடும். அவன் எழுந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து முதல் நோயாளியின் பெயரைக் கூப்பிடுவான்.

மையத்தில் இதற்குப் பெயர் போணி. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் நீளமான வேறு பெயர் இருந்தது. ஆனால் கடை திறந்ததும் முதல் வியாபாரம் நல்ல கையிலிருந்து வர வேண்டும் என்று நினைக்கிற ஊர் அது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஒரு மாதத்துக்குள் டாக்டரம்மாகூட "போணி ஆச்சா ஆசீர்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, நான்குவழிச் சாலையை ஒட்டி இருந்தது அந்த மையம். பரம்பரையாக வரும் தசைநோய்களுக்கென்றே கட்டியது. லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய்கள் என்று புத்தகம் சொல்லும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்களில் அந்தக் கணக்கு எடுபடாது. சில தெருக்களில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

இயந்திரம் என்ன பார்க்கிறது என்று லாரி ஓட்டும் தகப்பன் ஒருவர் ஒருநாள் டாக்டர் ஆவுடைநாயகியிடம் கேட்டார். மகளைக் கூட்டி வந்திருந்தார். டாக்டரம்மா யாரிடமும் அவரவர் பாஷையில் பேசக்கூடியவர்.

"கறி கறுப்பாத் தெரியும், கொழுப்பு வெள்ளையாத் தெரியும். இந்த நோயில கறி கொஞ்சம் கொஞ்சமா கொழுப்பா மாறிரும். வெளிய பாத்தா காலு கும்முன்னுதான் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. எத்தன பங்கு மாறிருக்குன்னு மெஷினு எண்ணிச் சொல்லும்."

"அந்தத் தம்பி எதுக்கு முதல்ல படுக்காரு? அவருக்கும் நோயா?"

"அவருக்கு ஒண்ணும் இல்லங்கதாலதான் படுக்காரு. வெயிலுக்கு மெஷினு நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும். இன்னைக்கு நல்ல கால் எப்படித் தெரியுதுன்னு அதுக்கு ஒரு நல்ல காலைக் காட்டணும். தராசுக்குப் படிக்கல்லு மாதிரி."

லாரிக்காரர் யோசித்தார். "படிக்கல்லு தேஞ்சிட்டா?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசீரும் சிரித்தான்.

அந்த எண்ணில்தான் எல்லாம் இருந்தது. கெண்டைக்காலில் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே என்றால் இயல்பு, போய்விட்டு அடுத்த வருடம் வரலாம். பத்திலிருந்து முப்பது வரை என்றால் ஊசி. ஆயுளில் ஒரே ஒருமுறை போடுகிற ஊசி. இரண்டாம் தரம் போட்டால் உடம்பு அதை எதிரி என்று அடையாளம் கண்டுகொள்ளும். முப்பதைத் தாண்டிவிட்டால் ஊசி கிடையாது. கொழுப்பைத் திரும்பக் கறியாக்க அதனால் முடியாது என்பது மட்டுமல்ல, தாண்டியவர்களுக்குப் போட்டபோது நல்லதைவிடக் கெடுதல் அதிகம் நடந்தது. முப்பது வரை இந்த நோய் நடக்கும், அதற்குப் பிறகு ஓடும் என்பார் டாக்டரம்மா. கால், தொடை, இடுப்பு, கடைசியில் மூச்சுத்தசை.

முறைப்படி பார்த்தால் போணிக்கு ஆள் மாறி மாறிப் படுக்க வேண்டும். முதல் சில வாரம் மாறித்தான் படுத்தார்கள். பிசியோதெரபி பார்க்கும் ஐசக் படுத்த நாளில் இரண்டு பேருக்கு எண் மோசமாக வந்தது. ஆசீர் படுத்த நாட்களில் பெரும்பாலும் நல்ல செய்தி. மறுபடி ஐசக், மறுபடி அழுகை. மூன்றாவது தடவைக்குப் பிறகு நோயாளிகளே கேட்கத் தொடங்கினார்கள், இன்னைக்கு யாரு போணி என்று. பிறகு ஐசக்குக்கு பைக் விபத்தில் காலில் தகடு வைத்தார்கள். இரும்பு உள்ளே போகக் கூடாது. அதோடு அது ஆசீரின் வேலையாகவே ஆகிவிட்டது. ராசிக்காரர் என்றார்கள். சங்கரன்கோவிலிலிருந்து வருகிற ஒரு பெண்மணி, அவன் படுத்து எழுந்து வரும் வரை வாசலில் கண்ணை மூடி நிற்பாள்.

போணிக்குப் படுக்கிறவர்கள் தொடக்கத்தில் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது தசைநோய் உண்டா?

ஆசீர் "இல்லை" என்று எழுதினான்.

அவனுடைய தாய்மாமா தேவசகாயம் முப்பது வயதில் விந்தி நடக்க ஆரம்பித்து, நாற்பதில் கட்டிலில் விழுந்து, நாற்பத்து மூன்றில் இறந்தவர். பனையிலிருந்து விழுந்தவர் என்பதுதான் குடும்பத்தில் சொல்லுகிற கதை. யார் கேட்டாலும் அதுதான். மாமா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், வாழ்நாளில் பனையில் ஏறியதில்லை. ஆனால் விழுந்தது என்றால் விபத்து, அது அவரோடு போய்விடும். நோய் என்றால் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளின் கல்யாணத்துக்கு வந்து நிற்கும். அப்பாவும் அம்மாவும் சொந்த அத்தை மகன், மாமன் மகள் என்பதையும் அந்தக் கதையோடு சேர்த்தே விழுங்கினார்கள்.

படிவம் எழுதிய மாதம் ஆசீரின் தங்கை சலோமிக்கு நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி மகள் மையத்து மருந்தகத்தில் வேலை பார்த்தாள். எழுதினால் அன்று சாயங்காலமே நாசரேத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் "இல்லை." அந்த வரன் வேறு காரணத்தால் தட்டிப்போனது, மாப்பிள்ளை வெளிநாடு போய் அங்கேயே இருந்துவிட்டார். அதன் பிறகு வந்து எழுதியதைத் திருத்தியிருக்கலாம். திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

பெற்றோர் போனபின் அண்ணனும் தங்கையும் சமாதானபுரத்தில் அதே வீட்டில் இருந்தார்கள். சலோமி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மையம் தொடங்கி மூன்றாம் வருடம், பள்ளி மேடையில் பரிசு கொடுக்க ஏறும்போது கால் மடங்கி விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அவளும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். ஆசீர் சிரிக்கவில்லை. அடுத்த திங்கள்கிழமையே மையத்துக்குக் கூட்டிப் போனான்.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோயாளிப் படிவத்தை நிதானமாக, பரீட்சைத்தாள் எழுதுவது போல எழுதினாள். எழுதி முடித்து நாலாக மடித்தாள்.

"இத டாக்டரம்மா கையில குடு. நீ படிக்காத. பொம்பள சமாச்சாரமெல்லாம் எழுதிருக்கேன்."

"நான் எதுக்குட்டி படிக்கேன்."

அவன் படிக்கவில்லை. ஆனால் டாக்டரம்மா கையிலும் கொடுக்கவில்லை. டாக்டரம்மா தாளைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்ப்பார். தாளில் இருப்பதைத் திரையில் ஏற்றுவது ஆசீரின் வேலை. வயது, உயரம், எடை அவனுக்குத் தெரியும். பெண்களுக்கான கட்டங்களை வெற்றாக விட்டான். குடும்பத்தில் யாருக்காவது என்ற கட்டம் வந்தபோது கை தானாக "இல்லை" என்று அடித்தது. இரண்டு பேருக்கும் ஒரே குடும்பம். ஒருவருக்கு இல்லை, மற்றவருக்கு உண்டு என்று எப்படி இருக்கும்? மடித்த தாளை மடித்தபடியே கோப்பில் செருகினான்.

எண் நான்கு என்று வந்தது. இயல்பு.

சாயங்காலம் வீட்டில் அவள் கேட்டாள், டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று. நார்மல் என்றான்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்ன சொல்லணும்?"

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் தெளிந்தது. "அப்ப எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அன்று வழக்கத்துக்கு மாறாக இரண்டு தடவை காபி போட்டாள்.

அடுத்த வருடம் ஐந்து. அதற்கடுத்த வருடம் மறுபடி நான்கு. ஆனால் அவளுக்குப் படியேற ஆளின் தோள் தேவைப்பட்டது. டாக்டரம்மா அவள் காலைக் கையால் அழுத்திப் பார்த்து, மறுபடி அழுத்திப் பார்த்து, திரையைப் பார்த்தார். கையால் பார்த்துச் சொல்கிற காலம் போய்விட்டது. திரையில் நான்கு இருந்தது. பயத்தில் தசையை உபயோகிக்காமல் விட்டிருக்கிறாள், நன்றாக வேலை கொடுக்கட்டும் என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை காலைகளில் ஆசீர் அவளை மைதானத்துக்குக் கூட்டிப் போய் கேலரிப் படிகளில் ஏற்றினான். நாற்பது படி. அவள் பன்னிரண்டில் உட்கார்ந்துவிடுவாள்.

"சோம்பேறிக் கழுத, எந்தி. மெஷினே நல்லாருக்குன்னு சொல்லுது."

"மெஷினக் கூட்டிட்டு வந்து ஏறச் சொல்லு."

"ஏறுட்டி."

அவள் எழுந்து ஏறினாள். பின்னாலேயே ஏறும்போது அவன் தன் தொடையில் கையை ஊன்றிக்கொள்வான். வயது நாற்பத்து மூன்று, எல்லோரும் அப்படித்தான் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டான். அதற்கும் சில வருடம் முன்பே, மேல் தட்டிலிருந்து கோப்பு எடுக்க நுனிக்காலில் நிற்க முடியாமல் போனபோது ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருந்தான். அந்த முக்காலி எல்லோருக்கும் உபயோகமாக இருக்கிறது என்று ஜென்சி பாராட்டினாள். ஜென்சி அவனுக்கு அடுத்தபடியாக இயந்திரத்தை இயக்கத் தெரிந்த பெண்.

ஆறாவது வருடம் ஜூலையில் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஆசீர் ஒருநாள் விடுப்பு எடுத்தான். ஜென்சி ஐந்து மாதக் கர்ப்பிணி, உள்ளே படுக்க முடியாது. ஐசக் காலில் தகடு. டாக்டரம்மா சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தார். வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். ஜென்சி, தரை துடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளைக் கூப்பிட்டாள். பேச்சியம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது, தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து வருகிறவள். மேலே உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று ஜென்சி கேட்டதற்கு, "கழட்டி வைக்க எங்கிட்ட என்ன தாயி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். கணவன் இறந்து இருபது வருடம். ஒரு மூக்குத்திகூட இல்லாத உடம்பு.

அன்று பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு எண் தாறுமாறாக ஏறியிருந்தது. போன வருடம் ஏழு என்று இருந்தவர் இருபத்தாறு. ஒன்பது என்று இருந்த பெண்ணுக்கு முப்பத்தொன்று. தகப்பன்மார் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் வந்த டாக்டரம்மா, இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று அன்றைய முடிவுகளை எல்லாம் தள்ளிவிட்டு, புதன்கிழமை எல்லோரையும் திரும்ப வரச் சொன்னார்.

புதன்கிழமை ஆசீர் படுத்தான். எல்லா எண்களும் பழைய இடத்துக்கு இறங்கின. முப்பத்தொன்று வந்த பெண்ணின் தாய் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். உணவு அறையில் யாரோ, தாலியறுத்தவளைப் போணிக்குப் படுக்க வைத்தால் வேறென்ன நடக்கும் என்றார்கள். பேச்சியம்மாள் வாசலில் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து அவள் இயந்திர அறைக்குள் கால் வைக்கவில்லை. வாளியையும் துடைப்பத்தையும் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே துடைக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, எல்லோரும் போனபின், ஆசீர் தான் முதன்முதலில் படுத்த நாளின் படத்தையும் அன்று காலைப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவன் ஏன் இதை முன்பே செய்யவில்லை என்று பிற்பாடு விசாரணையில் கேட்டார்கள். படிக்கல்லை யார் நிறுத்துப் பார்ப்பார்கள்?

முதல் படத்தில் கெண்டைக்கால் தசை கறுப்பாக இருந்தது, உள்ளோரத்தில் மட்டும் மெல்லிய வெண்கீற்று. அன்றைய படத்தில் பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெண்மை உள்ளோரத்திலிருந்து நடுவரை ஏறியிருந்தது. ஆறு வருடம், ஆயிரத்து எண்ணூறு காலை, இதைக் காட்டித்தான் இயந்திரத்திடம் "நல்ல கால் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். அவன் சரிந்த அளவுக்கு இயந்திரத்தின் கண்ணும் கூடவே சரிந்திருக்கிறது. அவனைவிட மோசமானவர்களைக் கொஞ்சம் மோசமென்றும், அவனைப் போன்றவர்களை இயல்பென்றும் அது சொல்லியிருக்கிறது. முதல் வாரத்திலிருந்தே நல்ல செய்தி வந்ததற்குக் காரணம் அதுதான். அவன் ராசி என்று ஊர் சொன்னது அவனுடைய நோயைத்தான்.

அவனைப் போலவே உடம்பு கொண்ட ஒருத்தி இருந்தாள். உலகத்தில் யாரைக் கண்டுபிடித்தாலும் அவளை மட்டும் அந்த இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியாது.

டாக்டரம்மாவின் அறையில் விளக்கு எரிந்தது. ஆசீர் அந்த வாசல்வரை போனான். உள்ளே அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். முடியட்டும் என்று நின்றான். சிரிப்பு முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் மேலதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அதற்கடுத்து டாக்டரம்மாவின் தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை. பிறகு, சொன்னால் முதல் கேள்வி அந்தப் படிவமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. ஆறு வருடமாகக் கும்பிட்டவர்கள் எல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள் என்று தோன்றியது. சலோமியின் படத்தை மட்டும் பேச்சியம்மாளின் படத்தோடு தானே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று இரண்டு தடவை திரைமுன் உட்கார்ந்தான். இரண்டு தடவையும் அணைத்துவிட்டான். பார்க்காதவரை அந்த எண் நான்காகவே இருந்தது.

அப்படி நான்கு மாதம் போயிற்று. ஒவ்வொரு காலையும் ஏழரைக்குப் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். அதற்கு முன்னால் படுத்ததையாவது தெரியாமல் செய்தது என்று சொல்லலாம். அந்த நூற்று நான்கு காலைகளுக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நவம்பரில் ஒருநாள் காலை எழுந்தபோது அவனுடைய தலையணையைக் காணவில்லை. சலோமி அதை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்து மூன்றாக அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சளி என்றாள். அன்று ஏழரைக்கு அவன் இயந்திர அறைக்குப் போகவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

அவன் முடித்ததும் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"ஜூலையில. பேச்சியக்கா படுத்த அன்னைக்கு மறுநா."

"ஜூலையில." அவர் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருப்பவர் போல இருந்தார். "ஒங்க தங்கச்சி காலை நான் அமுக்கிப் பாத்தேன் ஆசீர். என் கை சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

பிறகு எழுந்து வாசலுக்குப் போய், பேச்சியம்மாளைக் கூப்பிடச் சொன்னார்.

பேச்சியம்மாள் வரமாட்டேன் என்றாள். ஆசீரே போனான். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தப்பு அவள் உடம்பில் இல்லை, தன் உடம்பில்தான் என்றும், அவள் கால் தங்கமான கால் என்றும், மறுபடி வந்து படுக்க வேண்டும் என்றும், தன் தங்கையின் நிலையையும் சொன்னான். அவள் துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள்.

"எங்காலு நல்ல காலுன்னு சொல்லுததுக்கு ஒங்க தங்கச்சிக்கு மூச்சு முட்டணுமா சார்?"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.

பேச்சியம்மாளையும், அவளுக்குப் பின் வெளியிலிருந்து அழைத்த நோயில்லாத பதினொரு பேரையும் வைத்து, ஆறு வருடப் படங்களையும் மறுபடி எண்ணினார்கள். எழுபத்து நான்கு பேருக்கு இயல்பு என்று சொன்னது தவறு. முப்பத்தொரு பேர் அதற்குள் முப்பதைத் தாண்டிவிட்டிருந்தார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் தாண்டியது கடைசி நான்கு மாதத்தில். ஒவ்வொருவரும் எந்த வாரம் தாண்டினார்கள் என்றுகூட இயந்திரம் சொன்னது. ஏனென்றால் இந்த நோய் தினம் எவ்வளவு நகரும் என்று ஒரே உடம்பில் ஆயிரத்து எண்ணூறு காலைகள் எடுத்த படம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. இப்போது குழந்தைகளுக்கு நான்கு வருடம் முன்னதாகவே கண்டுபிடிக்கிறார்கள் என்றால் அந்தப் படங்களால்தான். அதைச் சொல்லி ஆறுதல்படுத்த வந்தவர்களுக்கு ஆசீர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அனுப்பிவைத்தான்.

சலோமி தாண்டியது ஆகஸ்ட் முதல் வாரம். பேச்சியம்மாள் படுத்து மூன்று வாரம் கழித்து.

அவளிடம் அவன்தான் சொன்னான். மூன்று தலையணையில் சாய்ந்து, எட்டாம் வகுப்புத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள். படிவம், போணி, ஜூலை, மைதானத்துப் படிகள், எதையும் விடாமல் சொன்னான். அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"ஒனக்கு எவ்வளவு?"

"சலோமி, நான் ஒங்கிட்ட..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒன்னப் பாத்தாவளா இல்லியா?"

"இருபத்திரண்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப ஊசி உண்டு" என்றாள். அவன் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்றான். அவள் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை, அன்று பார்த்தான். கத்துவதற்கு மூச்சு இல்லாததால் மெதுவாகச் சொன்னாள். "போட்டுக்கிடலன்னா இந்தத் தாளுல ஒண்ணைக்கூட நான் திருத்த மாட்டேன். நாப்பத்தஞ்சு பிள்ளைக. நீயே பதில் சொல்லு."

டிசம்பரில் அவனுக்கு ஊசி போட்டார்கள். வேலை செய்தது. இன்றுவரை கைத்தடி இல்லாமல் நடக்கிறான்.

சலோமி அடுத்த ஆகஸ்டில் இறந்தாள். கடைசி மாதங்களில் குழாய் வழியாகத்தான் மூச்சு. எழுத முடிந்தவரை சிலேட்டில் எழுதிக் காட்டினாள். பெரும்பாலும் பால்காரனுக்கும் பள்ளிக்கும் சொல்ல வேண்டியவை. ஒருமுறை மட்டும் "படியில் ஏற்றினாயே, காற்று நன்றாக இருந்தது" என்று எழுதினாள்.

விசாரணைக் குழுவிடம் அவன், நான் பொய் எழுதினேன் என்று இரண்டு தடவை சொன்னான். அவர்கள் "குடும்ப வரலாறு முழுமையாகப் பெறப்படவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. இயந்திரத்தின் பக்கம் போகாமல் கோப்பு அறையில் இருக்கச் சொன்னார்கள். எழுபத்து நான்கு கோப்புகளையும் பிரித்து, தாளில் உள்ளதும் திரையில் ஏற்றியதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிற வேலை. மேல் தட்டுக் கோப்புகளை முக்காலி போட்டு எடுத்தான்.

அறுபத்தெட்டாவது கோப்பு சலோமியுடையது. நாலாக மடித்த தாள் மடித்தபடியே இருந்தது. மடிப்பில் தூசி கோடு போட்டிருந்தது. படிக்காதே என்று அவள் சொல்லியிருந்ததால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு பிரித்தான்.

பெண்களுக்கான கட்டங்களில் அவள் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தசைநோய் உண்டா என்ற கேள்விக்கு நேரே இடம் போதாமல், கீழே ஓரம்வரை அவளுடைய உருண்டை எழுத்து போயிருந்தது.

"உண்டு. தாய்மாமா தேவசகாயம், வயது 43-இல் இறந்தார். பனையிலிருந்து விழுந்ததாகச் சொல்வோம். அவர் பனையேறியதில்லை. பெற்றோர் சொந்த அத்தை மாமன் மக்கள். என் அண்ணன் ஆசீர்வாதம், தங்கள் மையத்தில் வேலை பார்க்கிறான். ஒரு வருடமாக அவனால் நுனிக்காலில் நிற்க முடியவில்லை. படியேறும்போது தொடையில் கை ஊன்றுகிறான். அவனுக்கே தெரியாது. அவனிடம் கேட்க வேண்டாம், பயந்தால் மறைத்துவிடுவான். நான் விழுந்ததைச் சாக்காக வைத்துத்தான் வந்திருக்கிறேன். எனக்கு அவசரம் இல்லை. தயவுசெய்து முதலில் அவனைப் பாருங்கள்."

கீழே கையெழுத்து. மேலே தேதி, ஒரு திங்கள்கிழமை. அன்று காலை ஏழரை மணிக்கும் அவன் பெல்ட்டையும் கைக்கடிகாரத்தையும் பேனாவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய்ப் படுத்திருந்தான்.